வித்ரு: படுக்கும் முன்பா, ஸஹர் நேரத்திலா?

திருப்பூரில் பேட்லாக் மெஷினில் உட்காரும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சொந்த ஊர் பள்ளப்பட்டி. வாரத்தில் நாலைந்து நாள் ஒன்றரை ஷிப்ட், ரூமுக்கு வர இரவு பத்தாகிவிடுகிறது. இரவுத் தொழுகையான இஷாவைத் தொழுததும் கண் சொருகுகிறது. இஷாவுக்குப் பிறகு தொழும் வித்ரைப் பின்னிரவில் தொழுவதுதான் சிறப்பு என்று பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்டு, அலாரம் வைத்துவிட்டுப் படுக்கிறார். பாதி நாள் கண் விழித்தால் அதிகாலைத் தொழுகையான ஸுப்ஹுக்குப் பாங்கு கேட்கிறது. இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ரூமில் கூட இருப்பவர் காயல்பட்டினத்துக்காரர். அவர் இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுது ஸலாம் கொடுத்து முடித்துவிட்டு, அப்புறம் எழுந்து ஒன்று தொழுகிறார். "நீங்க மூணையும் சேர்த்துத் தொழுவது அந்தி நேரத்து மஃரிபு மாதிரி இருக்கே, அப்படித் தொழக்கூடாதுன்னு ஹதீஸ் இருக்கே" என்று ஒருநாள் சொல்லிவிட்டாராம். போதாததற்கு, வித்ரில் ஓதுகிற குனூத் துஆ இவருக்குப் பாதிதான் மனப்பாடம்.

நேரத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். இவருக்கு வித்ரு தவறிப்போவது அங்கேதான். மற்ற இரண்டிலும் மனசுதான் குழம்புகிறது, தொழுகை கையை விட்டுப் போகவில்லை.

வித்ரு என்றால் ஒற்றைப்படை. இரவில் தொழுகிற தொழுகைகளை ஒற்றையாக்கி முடித்து வைப்பதால் அந்தப் பெயர். இஷா தொழுததில் இருந்து ஸுப்ஹு நேரம் நுழைகிற வரை அதற்கு நேரம் இருக்கிறது. இஷாவுக்கு முன்னால் தொழ முடியாது. "இரவில் உங்கள் கடைசித் தொழுகையை வித்ராக ஆக்குங்கள்" என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. பின்னிரவுதான் சிறந்தது என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். ஆனால் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பின்னிரவில் எழ முடியாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறவர் முன்னிரவிலேயே வித்ரு தொழுதுகொள்ளட்டும், எழுந்துவிடுவோம் என்ற நம்பிக்கை உள்ளவர் இரவின் கடைசியில் தொழட்டும், அந்த நேரத் தொழுகையில் மலக்குகள் (வானவர்கள்) வந்து சேர்கிறார்கள், அது சிறந்தது என்று அதில் வருகிறது. முதலில் யாருக்கு வழி சொல்லப்படுகிறது பாருங்கள், எழ முடியாதவருக்கு. பயானில் பெரும்பாலும் ஹதீஸின் பின்பாதி மட்டும்தான் காதில் விழுகிறது.

அபூஹுரைரா (ரலி) சொல்வார்கள், என் நேசர் (நபி) எனக்கு மூன்று விஷயங்களை உபதேசித்தார் என்று: மாதம் மூன்று நோன்பு, முற்பகல் தொழுகையான ளுஹாவின் இரண்டு ரக்அத், தூங்கும் முன் வித்ரு. அபூதாவூத் தொகுப்பில் இன்னொரு செய்தி. வித்ரை எப்போது தொழுகிறீர் என்று அபூபக்ர் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) கேட்டார்கள். முன்னிரவில் என்றார்கள். உமர் (ரலி) அவர்களிடம் கேட்டபோது பின்னிரவில் என்றார்கள். அபூபக்ர் எச்சரிக்கையைப் பிடித்துக்கொண்டார், உமர் வலிமையைப் பிடித்துக்கொண்டார் என்று நபி (ஸல்) சொன்னார்கள். அபூபக்ருக்கு ஒரு குறையும் சொல்லவில்லை. அப்படி இருக்க, ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து முன்னிரவில் தொழுகிறவருக்கு எதற்குங்க வருத்தம்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஈரோடு கனி மார்க்கெட்டில் எங்கள் அத்தா காலத்தில் இருந்து லுங்கி, துண்டு வியாபாரம். ஜவுளிச் சந்தை திங்கட்கிழமை சாயங்காலம் கூடினால் செவ்வாய் வரை ஓடும். திங்கள் ராத்திரி எப்படியும் தூங்கப் போவதில்லை, வித்ரை மூன்று மணிக்குத் தொழுது, பின்னிரவு உபரித் தொழுகையான தஹஜ்ஜுத்தின் நன்மையையும் சேர்த்து வாங்கிவிடலாம் என்று இளவயதில் ஒரு கணக்குப் போட்டேன். இரண்டு மணிக்கு வியாபாரம் கொஞ்சம் ஓய்ந்தது. துண்டு பண்டலின் மேல் முதுகைச் சாய்த்ததுதான் தெரியும். மோதினாரின் பாங்கு எழுப்பியது. கன்னத்தில் பண்டல் கயிற்றின் தடம். அதற்கடுத்த வாரம் இஷா முடிந்த கையோடு மூன்று ரக்அத்தையும் தொழுதுவிட்டுத்தான் கல்லாவில் உட்கார்ந்தேன். விழித்திருப்போம் என்று தெரிந்த இரவிலேயே இந்தக் கதி. தூங்கப் போகிறோம் என்று தெரிந்த இரவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதனால் தம்பிக்கு என் பதில் இது: ஷிப்ட் உள்ள நாட்களில் இஷாவோடு வித்ரையும் தொழுதுவிட்டுப் படுங்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, மறுநாள் லீவு என்ற நிம்மதியில் படுக்கும் இரவில் பின்னிரவுக்கு முயற்சி செய்யுங்கள். அந்த ஓர் இரவிலும் எழ முடியுமா என்று சந்தேகம் வந்தால் தொழுதுவிட்டே படுங்கள். படுத்த பிறகு தற்செயலாக மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வரும். தாராளமாக இரண்டிரண்டாகத் தஹஜ்ஜுத் தொழலாம். மறுபடி வித்ரு தொழ வேண்டியதில்லை, தொழவும் கூடாது. ஓர் இரவில் இரண்டு வித்ரு இல்லை என்று தல்க் பின் அலீ (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. கடைசித் தொழுகை வித்ராக இருக்கட்டும் என்றது விருப்பமான முறை, கட்டாயம் இல்லை. நபி (ஸல்) அவர்களே வித்ருக்குப் பிறகு உட்கார்ந்தபடி இரண்டு ரக்அத் தொழுததாக ஆயிஷா (ரலி) சொன்னது முஸ்லிமில் இருக்கிறது. ஆகவே, முன்னால் வித்ரு தொழுதுவிட்டால் தஹஜ்ஜுத் வாசல் மூடிவிடும் என்று நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம்.

பின்னிரவு என்றால் எது என்று பலருக்கும் கணக்குத் தெரிவதில்லை. மஃரிபில் இருந்து ஸுப்ஹு வரை உள்ள நேரத்தை மூன்றாகப் பிரித்தால் கடைசிப் பங்கு அது. மாலை 6.15-க்குச் சூரியன் மறைந்து அதிகாலை 5.15-க்கு ஸுப்ஹு நுழைகிற நாள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 11 மணி நேரம். ஒரு பங்கு 3 மணி 40 நிமிடம். 1.35-க்குக் கடைசிப் பங்கு ஆரம்பம். நம் பக்கம் ஸுப்ஹு நேரம் வருடத்தில் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் முன்பின் நகரும். போன வருடம் வைத்த அலாரமே போதும் என்று இருக்காதீர்கள். இன்னொன்று, ஸுப்ஹு பாங்கு முடியும் வரை வித்ருக்கு நேரம் இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். நேரம் நுழைந்ததுமே வித்ரின் நேரம் போய்விடுகிறது, பாங்கு அதற்குப் பிறகு எப்போது சொன்னாலும் சரி.

அப்புறம், தொழும் முறை. நான் ஹனபி, அதாவது இமாம் அபூஹனீபாவின் மத்ஹபை (சட்ட வழியை)ப் பின்பற்றுகிறவன். பள்ளப்பட்டித் தம்பியும் ஹனபியாகத்தான் இருப்பார், கொங்குப் பக்கத்து ராவுத்தர்கள் பெரும்பாலும் அப்படித்தான். இங்கே இருக்கிற உருது பேசும் குடும்பங்களும் அப்படியே. எங்கள் முறையில் மூன்று ரக்அத், கடைசியில் ஒரே ஸலாம். மூன்று ரக்அத்திலும் பாத்திஹாவோடு ஒரு சூரா (குர்ஆன் அத்தியாயம்). இரண்டாவது ரக்அத் முடிந்து உட்கார்ந்து அத்தஹிய்யாத் மட்டும் ஓதி, ஸலவாத்துக்குப் போகாமல் எழுந்துவிட வேண்டும். மூன்றாவதில் சூரா முடிந்ததும் ருகூவுக்கு (குனிவதற்கு)ப் போகாமல், அல்லாஹு அக்பர் என்று கைகளைக் காது வரை உயர்த்தி மறுபடி கட்டிக்கொண்டு குனூத் ஓத வேண்டும். பெண்கள் தோள் வரை உயர்த்துவார்கள். ஓதி முடித்து ருகூவு, மற்றதெல்லாம் வழக்கம்போல. வருடம் முழுக்க இப்படித்தான், ரமளானில் மட்டும் ஜமாஅத்தாக. நபி (ஸல்) அவர்கள் மூன்று ரக்அத்தில் ஸப்பிஹிஸ்ம, குல் யா அய்யுஹல் காபிரூன், குல் ஹுவல்லாஹு அஹத் என்ற சூராக்களை வரிசையாக ஓதினார்கள் என்று உபை பின் கஅப் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸப்பிஹிஸ்ம வராதவர் வருகிற சூராவை ஓதலாம்.

காயல்பட்டினத்து நண்பர் தொழுவது ஷாபிஈ மத்ஹபின் முறை. குறைந்தது ஒன்று, அதிகம் பதினொன்று. மூன்று தொழும்போது இரண்டில் ஸலாம் கொடுத்துப் பிரித்து ஒன்று தொழுவது அவர்களிடம் சிறந்தது. குனூத்தை வித்ரில் ரமளானின் பின்பாதியில் மட்டும், அதுவும் ருகூவில் இருந்து எழுந்த பிறகு ஓதுவார்கள். ஸுப்ஹில்தான் அவர்களுக்கு வருடம் முழுக்கக் குனூத். அவர்கள் ரமளான் முதல் பாதியில் வித்ரில் குனூத் விட்டுவிட்டதைப் பார்த்து, இமாம் மறந்துவிட்டார் என்று பின்னால் இருந்து சுப்ஹானல்லாஹ் சொன்ன ஒரு ஈரோட்டுக்காரரை எனக்குத் தெரியும். நான்தான் அது, பாலக்காட்டைத் தாண்டி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது.

மஃரிபு மாதிரி தொழாதீர்கள் என்ற ஹதீஸ் இருப்பது உண்மைதான். அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் வேறுபாடு. நடுவில் ஸலாம் கொடுத்துப் பிரித்துவிடு என்று சிலர் எடுத்தார்கள். நடுவில் உட்காராமல் மூன்றையும் சேர்த்துத் தொழு என்று சிலர் எடுத்தார்கள். முன்னால் நபில் (உபரித் தொழுகை) எதுவும் இல்லாமல் வெறும் மூன்றோடு நிறுத்திவிடாதே என்று ஹனபி அறிஞர்கள் எடுத்தார்கள். மஃரிபின் மூன்றாவது ரக்அத்தில் சூராவும் இல்லை, குனூத்தும் இல்லை. எங்கள் வித்ரில் இரண்டும் இருக்கிறது. அப்புறம் அது எப்படி மஃரிபு ஆகும் என்றும் கேட்பார்கள். வித்ரின் இரண்டு ரக்அத்தில் நபி (ஸல்) ஸலாம் கொடுக்க மாட்டார்கள் என்று ஆயிஷா (ரலி) சொன்ன செய்தி நஸாயீயில் இருக்கிறது. இந்தப் பக்கம் இப்னு உமர் (ரலி) இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஸலாம் கொடுத்து, அந்த இடைவெளியில் ஏதாவது தேவை இருந்தால் அதைச் செய்யச் சொல்லிக்கூட உத்தரவிடுவார்கள் என்பது புகாரியில் இருக்கிறது. இரண்டுக்கும் நபித்தோழர்களான ஸஹாபாக்களிடம் வேர் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தியும் புகாரியில்தான். முஆவியா (ரலி) ஒரே ஒரு ரக்அத் வித்ரு தொழுததைப் பார்த்த ஒருவர், இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து புகார் மாதிரிச் சொன்னார். அதற்கு இப்னு அப்பாஸ், அவர் செய்தது சரிதான், அவர் மார்க்கம் விளங்கியவர் என்று சொல்லிவிட்டார்கள். ரூமுக்குள் இந்தப் பேச்சு மறுபடி வந்தால் இதை இரண்டு பேரும் சேர்ந்து நினைத்துக்கொள்ளுங்கள். இமாம் அபூஹனீபா (ரஹ்) மறைந்த ஹிஜ்ரி 150-ஆம் ஆண்டில்தான் இமாம் ஷாபிஈ (ரஹ்) பிறந்தார்கள். அப்போதிருந்து பேசித் தீராததை ஒரு காதர்பேட்டை ரூமில் ராத்திரி பதினோரு மணிக்குத் தீர்க்க முடியாது. நாளைக்கு ஒன்று, அடுத்த நாள் மூன்று என்று ரூம் நண்பரைப் பார்த்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் ஹஜ்ரத் மதரஸாவில் சொல்லிக் கொடுத்தபடியே தொழுங்கள். அவர் அவர் வழியில் தொழட்டும்.

இந்த இரண்டு மத்ஹபுக்கும் இடையே, ரக்அத் எண்ணிக்கையை விடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இமாம் அபூஹனீபாவிடம் வித்ரு வாஜிப். கட்டாயக் கடமையான பர்ளுக்குக் கீழே, நபிவழியான சுன்னத்துக்கு மேலே. அவர்களுடைய மாணவர்கள் அபூயூசுபும் முஹம்மதும்கூட இதில் ஆசிரியரோடு ஒத்துப்போகவில்லை, சுன்னத் என்றார்கள். ஷாபிஈயிலும் வலியுறுத்தப்பட்ட சுன்னத்துதான். நபி (ஸல்) பயணத்தில் ஒட்டகத்தின் மேல் இருந்தபடியே வித்ரு தொழுதார்கள் என்று இப்னு உமர் சொன்னதை ஷாபிஈ தரப்பு முக்கியமான ஆதாரமாகக் காட்டும். பர்ளு என்றால் இறங்கித்தானே தொழுதிருப்பார்கள் என்பது வாதம். கோயமுத்தூரில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறுகிறவருக்கு இதன் வித்தியாசம் நேரடியாகத் தெரியும். ஷாபிஈக்காரர் தன் சீட்டில் உட்கார்ந்தபடியே வித்ரை முடிக்கலாம். ஹனபி நின்று தொழ வேண்டும். எங்கள் வீட்டில் அதனால் ராத்திரி வண்டி என்றால் இஷாவோடு வித்ரையும் முடித்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குக் கிளம்புவோம். அத்தா வைத்த பழக்கம் அது.

குனூத் விஷயத்துக்கு வருகிறேன். நம் பள்ளிகளில் சொல்லிக் கொடுப்பது "அல்லாஹும்ம இன்னா நஸ்தஈனுக" என்று ஆரம்பிப்பது. உமர் (ரலி) ஓதியதாக வருவது. "அல்லாஹும்மஹ்தினீ பீமன் ஹதைத்த" என்று ஆரம்பிப்பது, வித்ரில் ஓதச் சொல்லி நபி (ஸல்) தம் பேரர் ஹஸன் (ரலி) அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஹனபியில் எந்த துஆவும் குனூத் ஆகும், குறிப்பிட்ட ஒன்றைத்தான் ஓத வேண்டும் என்பதில்லை. அதனால் பாதி தெரிந்தவர் அதற்காக வித்ரையே விட்டுவிட வேண்டியதில்லை. முழுசாக மனப்பாடம் ஆகும் வரை "ரப்பனா ஆத்தினா பித்துன்யா ஹஸனதன்..." ஓதலாம். அதுவும் வராதென்றால் "அல்லாஹும்மக்பிர்லீ" என்று மூன்று முறை சொன்னாலும் போதும் என்று நூல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் இதையே நிரந்தரமாக்கிவிடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு வரி, மெஷினில் தைக்கும்போதே முணுமுணுத்தால் இரண்டு வாரத்தில் வந்துவிடும்.

குனூத்தை மறந்து ருகூவுக்குப் போய்விட்டால் திரும்பி எழுந்து ஓதக்கூடாது. அப்படியே தொடர்ந்து, கடைசி இருப்பில் அத்தஹிய்யாத் ஓதி, வலப்பக்கம் ஒரு ஸலாம் கொடுத்து, மறதிக்கான இரண்டு ஸஜ்தா செய்து, மறுபடி அத்தஹிய்யாத்தும் ஸலவாத்தும் ஓதி முடிக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் தொழுகிறவருக்கு இது அடிக்கடி தேவைப்படும்.

தவறிப்போன வித்ரு? தூங்கியோ மறந்தோ வித்ரை விட்டவர் விழிக்கும்போது, நினைவு வரும்போது தொழட்டும் என்று அபூஸயீத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. ஹனபியில் கழா செய்தே, அதாவது தவறியதைப் பிறகு தொழுதே ஆக வேண்டும். பாங்கு கேட்டு விழித்தால், உளூ செய்து, ஸுப்ஹு பர்ளுக்கு முன்னாலேயே வித்ரைக் கழாவாகத் தொழுதுவிடுங்கள், குனூத்தும் சேர்த்து. சூரியன் உதிக்கிற நேரத்தில் தொழாதீர்கள். தம்பி, இதுவரை எத்தனை நாள் விட்டுப்போயிற்று என்று உத்தேசமாக ஒரு கணக்கு எழுதிவைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்றாகக் கழித்துவிடுங்கள். நானும் ஒரு பழைய பில்புக்கின் பின்பக்கத்தில் கோடு போட்டுத்தான் தீர்த்தேன்.

ரமளானைப் பற்றி ஒரே ஒரு விஷயம், அது வரும்போது கேட்பீர்கள். தராவீஹ் முடிந்து இமாமோடு வித்ரு தொழுதுவிட்டு ஸஹருக்கு எழுகிறவர், நபில் மட்டும் தொழுதால் போதும். மூன்றாவது ரக்அத்தின் ருகூவில் வந்து சேர்ந்தவருக்கு இமாமின் குனூத் கிடைத்துவிட்டது, எழுந்து மீதியைத் தொழும்போது திரும்ப ஓத வேண்டாம். நடுவில் ஸலாம் கொடுத்துப் பிரிக்கிற இமாமின் பின்னால் ஹனபி வித்ரு தொழலாமா என்பதில் எங்கள் நூல்களிலேயே இரண்டு சொல் இருக்கிறது. கூடாது, தனியாகத் தொழுதுகொள் என்பது பலருடைய கருத்து. ஜஸ்ஸாஸ் போன்ற ஹனபி அறிஞர்கள் கூடும் என்றார்கள். உம்ராவுக்குப் போனால் கட்டாயம் எதிர்ப்படும். போவதற்கு முன் உங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வித்ரு முடிந்து ஸலாம் கொடுத்ததும் "சுப்ஹானல் மலிக்கில் குத்தூஸ்" என்று மூன்று முறை சொல்வது சுன்னத். மூன்றாவது முறை நபி (ஸல்) குரலை உயர்த்தி நீட்டிச் சொல்வார்கள் என்று வருகிறது. நீங்கள் ரூமில் ஆறு பேர் படுத்திருந்தால் மூன்றாவதையும் மெதுவாகவே சொல்லுங்கள். எட்டரைக்கு அவர்களுக்கும் ஷிப்ட் இருக்கிறது.